லக்கோட்டாக்கள் அந்தப் பணத்தை ஏன் வாங்கவில்லை?

கேள்வி இதுதான்: "அமெரிக்கப் பூர்வகுடிகளின் எதிர்ப்பு 1890இல் ஊண்டட் நீ படுகொலையோடு முடிந்துவிட்டது என்றுதான் படித்திருக்கிறோம். ஆனால் 1980இல் உச்ச நீதிமன்றம் கொடுக்கச் சொன்ன இழப்பீட்டை லக்கோட்டா மக்கள் இன்றுவரை வாங்கவில்லை என்கிறார்கள். அவ்வளவு வறுமையில் இருப்பவர்கள் ஏன் மறுக்க வேண்டும்?"

பணத்தை ஏன் மறுத்தார்கள் என்பது புரிந்தால், எதிர்ப்பு 1890இல் முடியவில்லை என்பதும் கூடவே புரிந்துவிடும். 1868இல் அமெரிக்க அரசு லக்கோட்டாக்களோடு ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டது. அதை அரசு ஒன்பதே ஆண்டுகளில் மீறியது. லக்கோட்டாக்கள் இன்றுவரை அதைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். போர், வழக்கு, முற்றுகை, எண்ணெய்க் குழாய்க்கு எதிரான மறியல் என்று நீங்கள் கேள்விப்படும் எல்லாமே அந்த உடன்படிக்கையில் போய் முடியும்.

முதலில் இவர்கள் யார் என்று சொல்லிவிடுகிறேன். 'ஓச்சேத்தி ஷக்கோவி', அதாவது ஏழு சபைத் தீக்கள், என்ற பெரிய கூட்டமைப்பின் மேற்குப் பிரிவுதான் லக்கோட்டா. அதற்குள்ளும் ஓக்லாலா, சிச்சாங்கு, ஹங்க்பாப்பா, மினிகொன்ஜு என ஏழு குழுக்கள். கிழக்கில் இருப்பவர்கள் டகோட்டா. வெள்ளையர்கள் எல்லோரையும் சேர்த்து 'சூ' என்றார்கள். இன்றைய மினசோட்டா பக்கமிருந்து மேற்கே நகர்ந்து, 18ஆம் நூற்றாண்டில் குதிரைகள் கைக்கு வந்தபின் பெரும்புல்வெளியின் வலிமையான மக்களானார்கள். அந்த நகர்வில் கயோவா, குரோ, அரிக்கரா போன்ற மக்களைத் தள்ளிவிட்டுத்தான் இடம் பிடித்தார்கள். இதை மறைப்பது நேர்மையாகாது. "அவர்களே பிறரிடமிருந்து பிடுங்கியவர்கள்தானே" என்று வாதிடுவோர் இன்றும் உண்டு. ஆனால் அந்த நிலம் இவர்களுடையது என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தது அமெரிக்க அரசு. கொடுத்த வாக்கை மீறியதற்கு, வாக்குப் பெற்றவரின் பாட்டன் செய்தது சமாதானம் ஆகாது.

அவர்கள் வரலாற்றை எப்படி வைத்திருந்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். பைசன் என்னும் காட்டெருமையின் தோலில் ஆண்டுக்கு ஒரு படம் வரைவார்கள். முதல் பனி விழுவதிலிருந்து அடுத்த முதல் பனி வரை ஓர் ஆண்டு. மூத்தவர்கள் கூடிப் பேசி, அந்த ஆண்டை நினைவில் நிறுத்தும் ஒரே ஒரு நிகழ்வைத் தேர்வார்கள். தோலுக்குப் பொறுப்பானவர் அதை வரைவார். உடம்பெல்லாம் சிவப்புப் புள்ளிகளோடு ஒரு மனித உருவம் இருந்தால் அது பெரியம்மை வந்த ஆண்டு. 1833 நவம்பரில் வட அமெரிக்கா முழுவதும் தெரிந்த எரிகல் மழை பல குழுக்களின் தோல்களில் 'நட்சத்திரங்கள் விழுந்த ஆண்டு' என்று பதிவாகியிருக்கிறது. அதை அடையாளமாக வைத்துத்தான் மற்ற ஆண்டுகளை ஆய்வாளர்கள் இன்று பொருத்திப் பார்க்கிறார்கள். எழுத்தில்லாத மக்கள் கதைதான் சொல்வார்கள், ஆவணம் வைத்திருக்க மாட்டார்கள் என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

மோதல் எங்கே தொடங்கியது? 1851இல் ஃபோர்ட் லாரமியில் முதல் உடன்படிக்கை. கலிஃபோர்னியாவுக்கும் ஆரெகனுக்கும் போகும் வண்டிகளுக்கு வழி விட வேண்டும்; பதிலுக்கு ஆண்டுதோறும் பொருட்கள் வரும். மூன்றே ஆண்டுகளில், 1854 ஆகஸ்டில், மார்மன் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த பயணி ஒருவரின் நொண்டி மாட்டை ஒரு மினிகொன்ஜு இளைஞர் கொன்றுவிட்டார். முகாமின் தலைவர் கான்கரிங் பேர் அதற்கு ஈடாகக் குதிரை தர முன்வந்தார். அதை ஏற்காமல் கிராட்டன் என்ற இளம் லெப்டினன்ட் 29 சிப்பாய்களோடும் இரண்டு பீரங்கிகளோடும் முகாமுக்குள் போய்ச் சுட ஆரம்பித்தார். தலைவருக்குக் குண்டு பட்டது, பிறகு இறந்தார். கிராட்டனும் அவர் ஆட்களும் அங்கேயே மாண்டார்கள். அடுத்த ஆண்டு ஜெனரல் ஹார்னி புளூ வாட்டர் ஓடைக்கரை முகாமில் 86 பேரைக் கொன்று பழி தீர்த்தார். இறந்தவர்களில் பெண்களும் குழந்தைகளும் நிறைய.

அதன் பிறகு மான்டனா தங்கச் சுரங்கங்களுக்குப் போஸ்மன் பாதை என்று ஒரு குறுக்குவழி போட்டார்கள். அது லக்கோட்டாக்களின் கடைசி நல்ல வேட்டைக்காடான பவுடர் ஆற்றுப் படுகையைக் கிழித்துக்கொண்டு போனது. பாதையைக் காக்க மூன்று கோட்டைகள். ஓக்லாலா தலைவர் ரெட் கிளவுட் 1866 முதல் 1868 வரை அந்தக் கோட்டைகளை மூச்சுவிட விடவில்லை. 1866 டிசம்பர் 21இல் கேப்டன் ஃபெட்டர்மன் தலைமையில் வெளியே வந்த 81 பேரில் ஒருவரும் திரும்பவில்லை. கடைசியில் இறங்கி வந்தது அரசுதான். பேச்சுக்கு அழைத்தபோது, முதலில் கோட்டைகளைக் காலி செய்யுங்கள் என்றார் ரெட் கிளவுட். படை வெளியேறியது, கோட்டைகளைக் கொளுத்தினார்கள், 1868 நவம்பரில்தான் அவர் வந்து கையெழுத்திட்டார். ஆகவே 1868 உடன்படிக்கை, தோற்றவர்களுக்குப் போட்ட பிச்சை அல்ல. களத்தில் வென்றவர்கள் பெற்ற ஒப்பந்தம் அது. இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் பிறகு நடந்தவை எல்லாம் விளங்கும்.

அந்த உடன்படிக்கையில் மூன்று சரத்துகள் முக்கியம். இரண்டாவது சரத்துப்படி, பிளாக் ஹில்ஸ் மலைப்பகுதி உட்பட இன்றைய தெற்கு டகோட்டாவில் மிசூரி ஆற்றுக்கு மேற்கே உள்ள நிலம் முழுவதும் அவர்களின் தடையற்ற, முழு அனுபவத்துக்கு உரியது. பதினாறாவது சரத்து, மேற்கே உள்ள பவுடர் ஆற்றுப் பகுதியை 'விட்டுக்கொடுக்கப்படாத பிரதேசம்' என்று ஒப்புக்கொள்கிறது. பன்னிரண்டாவது சரத்து, வயது வந்த ஆண்களில் நான்கில் மூன்று பங்கினர் கையெழுத்திடாமல் இந்த நிலத்தில் எதையும் விட்டுக்கொடுத்ததாக எழுதும் எந்த ஒப்பந்தமும் செல்லாது என்கிறது. வழக்கு முழுக்க இந்த நான்கில் மூன்றைச் சுற்றித்தான் ஓடியது.

1874இல் குதிரைப்படை அதிகாரி கஸ்டர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்களோடு பிளாக் ஹில்ஸுக்குள் போனார். கோட்டை கட்ட இடம் பார்க்கப் போவதாகச் சொன்னாலும், கூடவே சுரங்கக்காரர்களும் பத்திரிகையாளர்களும் போனார்கள். தங்கம் இருக்கிறது என்ற செய்தி பரவியதும் கூட்டம் பாய்ந்தது. அரசு 60 லட்சம் டாலருக்கு மலையை விலை பேசியது, லக்கோட்டாக்கள் மறுத்தார்கள். 1875 நவம்பரில் வெள்ளை மாளிகையில் கூடிய ரகசியக் கூட்டத்தில், அத்துமீறும் சுரங்கக்காரர்களை இனிமேல் ராணுவம் தடுக்க வேண்டாம் என்று அதிபர் கிராண்ட் முடிவெடுத்தார். வெளியே வேட்டையாடிக்கொண்டிருக்கும் குழுக்கள் 1876 ஜனவரி 31க்குள் அரசு மேற்பார்வையில் இருந்த முகாம்களுக்கு வந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பகைவர்கள் என்று ஆணை போனது. நடுக்குளிர்காலத்தில், பனிக்குள் குடும்பங்களோடு இருப்பவர்களுக்கு அப்படி ஒரு கெடு. போர் வேண்டும் என்று முடிவெடுத்த பிறகு காரணம் தேடிய கதை இது.

1876 ஜூன் 25இல் லிட்டில் பிக்ஹார்னில் நடந்தது பலருக்கும் தெரியும். லக்கோட்டா, வடக்குச் செயென், அரப்பாஹோ வீரர்கள் சேர்ந்து கஸ்டரையும் அவரோடு நேரடியாக இருந்த இருநூறுக்கும் மேற்பட்டவர்களையும் அழித்தார்கள். சினிமாவும் நாவலும் அந்த ஒரு பிற்பகலில் போய் நின்றுவிடுகின்றன. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அதற்கு இரண்டு மாதம் கழித்து வாஷிங்டனில் நடந்தது.

ஆகஸ்டில் நாடாளுமன்றம் செலவு மசோதா ஒன்றில் ஒரு நிபந்தனையைச் செருகியது: பிளாக் ஹில்ஸை விட்டுக்கொடுக்காதவரை லக்கோட்டாக்களுக்கு ரேஷன் கிடையாது. 1868 உடன்படிக்கை ரேஷனை நான்கு ஆண்டுகளுக்குத்தான் ஒப்புக்கொண்டிருந்தது; அதன் பிறகும் நாடாளுமன்றம் பணம் ஒதுக்கிக் கொடுத்துவந்தது. எருமைகள் தோலுக்காகக் கொன்று குவிக்கப்பட்டு வந்த காலம் அது. 1883 வாக்கில் வடக்கு மந்தையும் இல்லாமல் போய்விட்டது. ரேஷனை நிறுத்தினால் பட்டினிதான். இந்த நிலையில் ஓர் ஆணையக் குழு, தயாராக எழுதிய பத்திரத்தோடு முகாம் முகாமாகப் போனது. லிட்டில் பிக்ஹார்னில் சண்டையே போடாதவர்களின் குதிரைகளையும் துப்பாக்கிகளையும்கூட ராணுவம் பிடுங்கியது. இவ்வளவு நெருக்கியும் கையெழுத்திட்டவர்கள் வயது வந்த ஆண்களில் பத்தில் ஒரு பங்கினர்தான். நான்கில் மூன்று எங்கே, பத்தில் ஒன்று எங்கே? அதைப் பற்றிக் கவலைப்படாமல் 1877 பிப்ரவரி 28இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றி மலையை எடுத்துக்கொண்டது. 1877இலேயே அங்கிருந்த ஹோம்ஸ்டேக் தங்கச் சுரங்கம் ஜார்ஜ் ஹர்ஸ்ட் கூட்டத்தின் கைக்குப் போனது. அது 2002இல் மூடப்படும்வரை சுமார் 4 கோடி அவுன்ஸ் தங்கம் தந்தது.

லிட்டில் பிக்ஹார்னில் போரிட்ட ஓக்லாலா தலைவர் கிரேசி ஹார்ஸ் 1877 மே மாதம் சரணடைந்தார். செப்டம்பரில் ஃபோர்ட் ராபின்சனில் சிறையில் அடைக்க முயன்றபோது துப்பாக்கி முனைக் கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். கனடாவுக்குப் போன ஹங்க்பாப்பா தலைவர் சிட்டிங் புல், அங்கும் உணவு கிடைக்காமல் 1881 ஜூலையில் இருநூறுக்கும் குறைவானவர்களோடு திரும்பி வந்து சரணடைந்தார்.

துப்பாக்கி ஓய்ந்தபின் வேறு வகைத் தாக்குதல். 1879இல் பென்சில்வேனியாவில் கார்லைல் உறைவிடப் பள்ளி தொடங்கியது. முதலில் கொண்டுபோகப்பட்டது ரோஸ்பட், பைன் ரிட்ஜ் என்ற ஒதுக்கீட்டு நிலங்களின் லக்கோட்டாக் குழந்தைகளை. போனவுடன் முடியை வெட்டினார்கள். லக்கோட்டா வழக்கத்தில் இழவு விழுந்தால்தான் முடியை வெட்டுவது. வீட்டில் யார் செத்தார்கள் என்று தெரியாத குழந்தைகளின் மனம் என்ன பாடுபட்டிருக்கும்! கரும்பலகையில் எழுதியிருந்த ஆங்கிலப் பெயர்களில் ஏதாவது ஒன்றைக் குச்சியால் தொடச் சொன்னார்கள். அது என்ன என்று படிக்கத் தெரியாமலே தொட்ட பெயர்தான் அதன் பிறகு அவர்களுடைய பெயர். அப்படிப் பெயர் வந்தவர்களில் ஒருவர், பின்னாளில் பூர்வகுடி உரிமைகளுக்காகப் பேசிய லூதர் ஸ்டாண்டிங் பேர். பல குழந்தைகள் அங்கேயே நோயில் இறந்து புதைக்கப்பட்டார்கள். அவர்களில் ஒன்பது பேரின் எலும்புகள் 2021இல்தான் ரோஸ்பட்டுக்கு வீடு வந்து சேர்ந்தன.

ஊரில் சூரிய நடனம் உள்ளிட்ட சடங்குகளை 1883 விதிகள் குற்றமாக்கின. 1889இல் மீதி நிலத்தையும் துண்டு போட்டு, சுமார் 90 லட்சம் ஏக்கரை எடுத்துக்கொண்டார்கள். அதோடு ரேஷன் குறைப்பும் வறட்சியும் வந்தன. இந்த நேரத்தில்தான் நெவாடாவின் பையூட் தீர்க்கதரிசி வோவோக்கா சொன்ன ஆவி நடனம் பரவியது. ஆடினால் இறந்தவர்கள் திரும்புவார்கள், எருமைகள் திரும்பும். பசித்தவர்களின் பிரார்த்தனையைக் கலகம் என்று அதிகாரிகள் தந்தி அடித்தார்கள். 1890 டிசம்பர் 15இல் சிட்டிங் புல்லைக் கைது செய்யப் போன பூர்வகுடிப் போலீசாரே அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அஞ்சிய மினிகொன்ஜு தலைவர் ஸ்பாட்டட் எல்க், தன் மக்கள் சுமார் 350 பேரோடு பைன் ரிட்ஜ் நோக்கிக் கிளம்பினார். அவருக்கு நிமோனியா, வண்டியில் படுத்தபடி பயணம். வழியில் பிடித்து ஊண்டட் நீ ஓடைக்கரையில் நிறுத்தியது கஸ்டரின் அதே ஏழாம் குதிரைப்படை. டிசம்பர் 29 காலை ஆயுதங்களைப் பறித்துக்கொண்டிருந்தபோது ஒரு துப்பாக்கி வெடித்தது. மேட்டில் இருந்த நான்கு ஹாட்ச்கிஸ் பீரங்கிகள் முகாமைப் பொழிந்து தள்ளின. தப்பி ஓடிய பெண்களைத் துரத்திச் சுட்டார்கள். மூன்று கிலோமீட்டர் தள்ளியும் உடல்கள் கிடைத்தன. இறந்தவர்கள் குறைந்தது 150; 300 வரை இருக்கலாம்.

காயம்பட்டவர்களைப் பைன் ரிட்ஜ் தேவாலயத்தில் இருக்கைகளை அகற்றிவிட்டு வைக்கோல் பரப்பிக் கிடத்தினார்கள். கிறிஸ்துமஸ் அலங்காரம் அப்போதும் கழற்றப்படவில்லை. அவர்களுக்கு மருத்துவம் பார்த்தவர் சார்லஸ் ஈஸ்ட்மன் என்ற டகோட்டா மருத்துவர். பனிப்புயல் ஓய்ந்து ஜனவரி 1ஆம் தேதி அவர் களத்துக்குப் போனபோது, பனிக்கு அடியில் இன்னும் உயிரோடு சிலர் இருந்தார்கள். மற்றவர்களை, 146 உடல்களை, ஒரே குழியில் போட்டு மூடினார்கள். இந்தச் 'சண்டைக்காக' சுமார் 20 சிப்பாய்களுக்கு நாட்டின் மிக உயரிய வீரப் பதக்கம் கிடைத்தது. 1990இல் நாடாளுமன்றம் வருத்தம் தெரிவித்தது. ஆனால் பதக்கங்கள் திரும்பப் பெறப்பட மாட்டா என்று 2025இல் பாதுகாப்புத் துறை அறிவித்தது.

பாடப்புத்தகம் இங்கே மூடிக்கொள்கிறது. லக்கோட்டாக்கள் மூடவில்லை. சடங்குகளை ஒளித்து நடத்தினார்கள். 1978இல்தான் சட்டம் அவற்றுக்குப் பாதுகாப்பு தந்தது. மூத்தவர்கள் 1868 உடன்படிக்கையை வீட்டுக்கு வீடு பேசிக் காப்பாற்றினார்கள். பூர்வகுடிகள் இந்த விஷயத்தில் அரசின் மேல் வழக்குப் போடவே தனிச் சட்டம் தேவைப்பட்டது; அது 1920இல் வந்தது. 1923இல் வழக்குத் தொடுத்தார்கள். 19 ஆண்டு இழுத்தடித்து 1942இல் தள்ளுபடி. பிறகு பூர்வகுடிக் கோரிக்கை ஆணையத்தில் மறுபடி தொடங்கினார்கள். 1975இல் உரிமைக் கோரிக்கை நீதிமன்றம், நம் வரலாற்றில் இதைவிட நேர்மையற்ற நடத்தையைக் காண முடியாது என்ற பொருளில் எழுதிவிட்டு, பழைய தீர்ப்பைக் காரணம் காட்டிக் கைவிரித்தது. நாடாளுமன்றம் அந்தத் தடையை நீக்கியபின் 1980 ஜூன் 30இல் உச்ச நீதிமன்றம் 8க்கு 1 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது: 1877இல் நடந்தது அரசு நிலத்தைப் பறித்த செயல்தான்; அன்றைய மதிப்பு 1.71 கோடி டாலர், அதற்கு 1877 முதல் 5 சதவீத வட்டி. மொத்தம் 10 கோடி டாலருக்கு மேல்.

ஆனால் தீர்ப்பு நிலத்தைத் திருப்பித் தரவில்லை. அந்த வழியில் நீதிமன்றம் தரக்கூடியது பணம் மட்டும்தான். பணத்தை வாங்கினால் மலை விற்றாகிவிட்டது, கணக்கு தீர்ந்தது என்று ஆகிவிடும். லக்கோட்டாக்களுக்குப் பிளாக் ஹில்ஸ், அவர்கள் மொழியில் 'ஹே சாப்பா', தோன்றிய இடம், தொழும் இடம். அவர்கள் முன்னோர் தோன்றி வெளிவந்ததாகச் சொல்லப்படும் குகை வாசல் அங்கேதான் இருக்கிறது, இப்போது விண்ட் கேவ் தேசியப் பூங்காவுக்குள். 'ஆறு தாத்தாக்கள்' என்று அவர்கள் வணங்கிய மலையைத்தான் 1927க்கும் 1941க்கும் இடையே செதுக்கி நான்கு அதிபர்களின் முகங்களை வைத்தார்கள். பத்தில் ஒருவர் கையெழுத்தோடு எடுத்ததை நூறாண்டு கழித்து விலை கொடுத்துச் சட்டபூர்வமாக்க நாங்கள் உடன்பட மாட்டோம் என்பதே அவர்கள் நிலை. பைன் ரிட்ஜ் அமெரிக்காவின் மிக ஏழ்மையான பகுதிகளில் ஒன்று. அங்கே இருப்பவர்கள் இதைச் சொல்கிறார்கள். பணம் கருவூலத்தில் வட்டியோடு வளர்ந்து 100 கோடி டாலரைத் தாண்டிவிட்டது. தலைக்கு இவ்வளவு என்று பிரித்தால் சில ஆண்டுகளில் கரைந்துவிடும்; பிறகு மலையைக் கேட்க வாயிருக்காது என்பதை அவர்களைவிட யாருக்குத் தெரியும்?

நீதிமன்றத்துக்கு வெளியேயும் போராட்டம் நடந்தது. 1973 பிப்ரவரி 27இல் ஓக்லாலாக்களும் 'அமெரிக்க இந்தியர் இயக்கம்' என்ற பூர்வகுடி உரிமை அமைப்பினரும் ஊண்டட் நீயைக் கைப்பற்றி 71 நாள் பிடித்து வைத்திருந்தார்கள். சொந்தப் பழங்குடி நிர்வாகத்தின் அராஜகத்துக்கு எதிரான கோபமும் அதில் இருந்தது. நடவடிக்கை எடுங்கள் என்று ஆண்களைத் தூண்டியவர்கள் ஓக்லாலா மூதாட்டிகள். கவச வண்டிகள் சூழ நின்ற அரசிடம் அவர்கள் வைத்த கோரிக்கைகளில் 1868 உடன்படிக்கையை மதிக்க வேண்டும் என்பது முக்கியமானது. இருவர் உயிரிழந்தார்கள். அடுத்த ஆண்டு ஸ்டாண்டிங் ராக் ஒதுக்கீட்டு நிலத்தில் உருவான சர்வதேச இந்திய (அதாவது பூர்வகுடி) உடன்படிக்கைப் பேரவை, விஷயத்தை ஐ.நா. வரை கொண்டுபோனது. 2007இல் பூர்வகுடி உரிமைப் பிரகடனம் நிறைவேறியதில் அந்த உழைப்புக்கும் பங்குண்டு. அப்போது எதிர்த்து வாக்களித்த நான்கு நாடுகளில் அமெரிக்காவும் ஒன்று.

2016இல் ஸ்டாண்டிங் ராக்கில் நடந்ததைப் புரிந்துகொள்ள ஓர் அணையைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும். 1944 திட்டப்படி மிசூரியில் கட்டப்பட்ட ஓஹே அணை, ஸ்டாண்டிங் ராக், செயென் ரிவர் மக்களின் ஆற்றங்கரை நிலத்தில் ஒன்றரை லட்சம் ஏக்கருக்கு மேல் மூழ்கடித்தது. மரமும் மூலிகையும் நல்ல விளைநிலமும் இருந்ததே அந்தக் கரையில்தான். மிஞ்சிய நீர்த்தேக்கம்தான் அவர்களுக்குக் குடிநீர். அதற்கு அடியில், ஒதுக்கீட்டு எல்லைக்கு ஒரு மைலுக்கும் குறைவான தூரத்தில், 1,172 மைல் நீளமுள்ள டகோட்டா ஆக்சஸ் எண்ணெய்க் குழாயைப் பதிக்க வந்தார்கள். முன்பு யோசித்த வேறொரு பாதை பிஸ்மார்க் நகருக்கு மேலே ஆற்றைக் கடப்பதாக இருந்தது. நகரின் குடிநீருக்கு ஆபத்து என்பது அதைக் கைவிட்ட காரணங்களில் ஒன்று.

லடோனா பிரேவ் புல் அல்லார்ட் தன் நிலத்தில் ஏப்ரலில் தொடங்கிய சிறு முகாமில் சில மாதங்களில் ஆயிரக்கணக்கானோர் சேர்ந்தார்கள். நூற்றுக்கணக்கான பூர்வகுடி நாடுகளின் கொடிகள் பறந்தன. 'ம்னி விச்சோனி', தண்ணீரே உயிர், என்பது அவர்கள் முழக்கம். குழாய் நிறுவனத்தின் காவலர்கள் நாய்களை ஏவினார்கள், நவம்பர் 20 இரவு உறைகுளிரில் போலீசார் தண்ணீர் பீய்ச்சி அடித்தார்கள். டிசம்பர் 4இல் ராணுவப் பொறியியல் பிரிவு அனுமதி மறுத்தது. அடுத்து வந்த அதிபர் டிரம்ப் அதை மாற்றினார், 2017 ஜூனில் எண்ணெய் ஓடத் தொடங்கியது. முறையான சுற்றுச்சூழல் ஆய்வு நடக்கவில்லை என்று 2020இல் நீதிமன்றம் சொன்னது, ஆனாலும் குழாய் நிற்கவில்லை. இதைத் தோல்வி என்பவர்கள் உண்டு. அந்த முகாமில் பழகிய இளைஞர்கள் அடுத்தடுத்த போராட்டங்களுக்குப் போனதைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

பணம் வேண்டாமென்றால் வேறு என்னதான் கேட்கிறார்கள்? பலர் நினைப்பதுபோல் பிளாக் ஹில்ஸை ஒட்டிய ராப்பிட் சிட்டி நகரின் வீடுகளையும் கடைகளையும் காலி செய்யச் சொல்லவில்லை. 1985இல் செனட்டர் பில் பிராட்லி கொண்டுவந்த மசோதா, பிளாக் ஹில்ஸில் அரசின் கையில் உள்ள சுமார் 13 லட்சம் ஏக்கரை மட்டும் திருப்பித் தரச் சொன்னது. தனியார் நிலத்தையும், அதிபர்களின் முகங்கள் உள்ள ரஷ்மோர் மலையையும் அது தொடவில்லை. அதுவும் நிறைவேறவில்லை. இதற்கிடையில் தங்கள் நிலத்தைத் தாங்களே விலைக்கு வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். 2012இல் பல குழுக்கள் சேர்ந்து பிளாக் ஹில்ஸின் புனிதப் புல்வெளியான பே ஸ்லாவில் 1,942 ஏக்கரை 90 லட்சம் டாலருக்கு வாங்கின. 2022இல் ஓக்லாலாக்களும் செயென் ரிவர் மக்களும் ஊண்டட் நீயில் தனியாரிடமிருந்த 40 ஏக்கரை 5 லட்சம் டாலருக்கு வாங்கினார்கள். கருவூலத்தில் கிடக்கும் தொகையிலிருந்து இதற்கு ஒரு காசுகூட எடுக்கவில்லை.